கீமோ மருந்துத் தட்டுப்பாடு: என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள்

அமெரிக்காவில் ஒரு புற்றுநோய் மருத்துவமனையின் மருந்தகத்தில், கீமோ கலக்கும் அறையில் வேலை பார்க்கிறேன். 2023-ல் இந்த நாட்டில் சிஸ்பிளாட்டின், கார்போபிளாட்டின் என்ற இரண்டு மருந்துகளும் கிடைக்காமல் எல்லா மருத்துவமனைகளும் திண்டாடின. அப்போது ஆரம்பித்த கேள்விகள் இன்னும் நிற்கவில்லை. பொங்கல் விழாவில் சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது கேட்பார்கள், ஊரிலிருந்து அத்தை மாமாக்கள் போனில் கேட்பார்கள். தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போனதால் எழுதிவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

சிஸ்பிளாட்டின்னா என்ன தம்பி? புதுசா கண்டுபிடிச்ச மருந்தா?

பழைய மருந்து மாமா. 1965-ல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பார்னெட் ரோசன்பெர்க் என்பவர், பாக்டீரியா இருந்த கரைசலில் மின்சாரம் செலுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். பாக்டீரியாக்கள் இரண்டாகப் பிரியாமல் நூல் மாதிரி நீண்டுகொண்டே போயின. மின்சாரம் அதற்குக் காரணமில்லை. மின்முனையில் இருந்த பிளாட்டினம் கொஞ்சம் கரைந்து உருவான சேர்மம்தான் காரணம். செல் பிரிவதைத் தடுக்கும் பொருள் என்றால் புற்றுநோய்க்கு ஆகுமே என்று அந்த வழியில் போனார்கள். 1978-ல் மருந்தாக ஒப்புதல் கிடைத்தது. கார்போபிளாட்டின் அதன் தம்பி, 1989-ல் வந்தது. சிறுநீரகத்தையும் காதையும் அண்ணன் அளவுக்குப் பதம் பார்க்காது, ஆனால் ரத்த அணுக்களைக் கூடுதலாகக் குறைக்கும்.

நுரையீரல், கருப்பை வாய், சினைப்பை, சிறுநீர்ப்பை, தலை கழுத்துப் புற்றுநோய் என்று பலவற்றுக்கும் இந்த இரண்டில் ஒன்றைத்தான் கொடுக்கிறோம். புற்றுநோயாளிகளில் 10 முதல் 20 சதவீதம் பேருக்கு இவை போகின்றன என்பது அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் கணக்கு. விதைப்பைப் புற்றுநோய் உடம்பெல்லாம் பரவிய பிறகும் பெரும்பாலோர் குணமாகி வீட்டுக்குப் போவதற்கு சிஸ்பிளாட்டின்தான் காரணம்.

2023-ல அப்படி என்னதான் நடந்துச்சு?

ஆரம்பம் நம் நாட்டில், குஜராத்தில். அகமதாபாத் பக்கம் சானந்த் என்ற ஊரில் இன்டாஸ் கம்பெனியின் மருந்து ஆலை இருக்கிறது. 2022 நவம்பர் கடைசியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வின் ஆய்வாளர்கள் அங்கே போனார்கள். தரப் பரிசோதனை ஆவணங்களைக் கிழித்து பிளாஸ்டிக் பைகளில் கட்டி, பைகளை ஒரு லாரியில் ஏற்றி வைத்திருந்ததைப் பார்த்தார்கள். பரிசோதனைக் கூடத்தில் ஒருவர் காகிதங்கள் மேல் அமிலம் ஊற்றி அழித்ததும் அறிக்கையில் பதிவாயிற்று. மருந்துத் தொழிலில் ஆவணம்தான் உயிர். எந்தத் தொகுதி எந்தச் சோதனையில் தேறியது என்று காட்டக் காகிதம் இல்லையென்றால் அந்த மருந்தைப் பற்றி எதுவுமே தெரியாது என்றுதான் அர்த்தம்.

கம்பெனி உற்பத்தியை நிறுத்திவைத்தது. அமெரிக்காவுக்கு வேண்டிய சிஸ்பிளாட்டினில் ஏறக்குறைய பாதி அந்த ஒரு ஆலையிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. 2023 பிப்ரவரியில் சிஸ்பிளாட்டின் தட்டுப்பாட்டுப் பட்டியலில் ஏறியது. அந்த மே கடைசியில், என்.சி.சி.என். என்ற பெரிய புற்றுநோய் மையங்களின் கூட்டமைப்பு 27 மையங்களிடம் கேட்டது. 70 சதவீதம் சிஸ்பிளாட்டின் பற்றாக்குறை என்றன. கார்போபிளாட்டின் பற்றாக்குறை என்றவை 93 சதவீதம். நாட்டிலேயே பெரிய மையங்களின் நிலைமையே இப்படி. சிறிய ஊர்களில் கிளினிக் வைத்திருந்த டாக்டர்கள் அந்தக் கணக்கில் இல்லை.

சிஸ்பிளாட்டின்தானே நின்னுச்சு? கார்போபிளாட்டின் ஏன் காணாமப் போச்சு?

ஒரு கடையில் துவரம்பருப்பு இல்லையென்றால் எல்லோரும் பாசிப்பருப்பு வாங்குவார்கள் இல்லையா? அதேதான். சிஸ்பிளாட்டின் கிடைக்காதவர்களை டாக்டர்கள் கார்போபிளாட்டினுக்கு மாற்றினார்கள். அதையும் இன்டாஸ் தயாரித்துக்கொண்டிருந்தது என்பதால் ஏற்கெனவே வரத்து குறைந்திருந்தது. ஏப்ரல் கடைசியில் அதுவும் பட்டியலில் ஏறிவிட்டது.

ஒரு ஃபேக்டரி நின்னா இவ்வளவு பெரிய நாட்டுக்கே மருந்து இல்லையா? மத்த கம்பெனிக்காரன் எல்லாம் என்ன பண்றான்?

மற்ற கம்பெனிகளும் இருந்தன. ஆனால் அவர்களிடம் உபரித் திறன் கிடையாது. கீமோ மருந்தை மற்ற மருந்துகள் தயாரிக்கும் இடத்தில் கலக்க முடியாது. தனி அறை, தனிக் காற்றோட்டம், கிருமி நீக்கிய சூழல் எல்லாம் வேண்டும். நாளைக்கே இரண்டு மடங்கு தயாரி என்று சொன்னால் நடக்காது. அடுத்த தொகுதி எந்த வாரம் என்று மாதங்களுக்கு முன்பே திட்டமிட்டிருப்பார்கள்.

ஏன் உபரி வைத்துக்கொள்வதில்லை என்று கேட்டால், அதுதான் மொத்தப் பிரச்சினையின் வேர். காப்புரிமை தீர்ந்து பல வருஷம் ஆன மருந்து இது. விலை அடிமட்டத்தில் கிடக்கிறது. அமெரிக்க மருத்துவமனைகள் மூன்று பெரிய கொள்முதல் கூட்டமைப்புகள் வழியாகத்தான் பெரும்பாலும் வாங்குகின்றன. குறைந்த விலை சொன்னவருக்கு ஒப்பந்தம். நல்ல இயந்திரம் வைத்திருக்கிறேன், இரண்டாவது ஆலை வைத்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் கூடுதலாகக் கொடு என்று சொல்பவனுக்கு ஒப்பந்தம் கிடைக்காது. இலாபமில்லாமல் ஒவ்வொருவராக விலகுவார்கள். மிச்சமிருப்பவர்களில் ஒருவர் விழுந்தால் தாங்க ஆளில்லை. எங்கள் மருந்தகமும் பல வருஷம் ஐந்து பத்து காசு மிச்சம் என்று சந்தோஷப்பட்டு வாங்கிய கூட்டத்தில் ஒன்றுதான்.

அப்போ விலை அதிகமான மருந்துக்குத் தட்டுப்பாடே வராதா?

ரொம்ப அரிது. கீட்ரூடா என்று ஒரு நோயெதிர்ப்பு மருந்து இருக்கிறது. மூன்று வாரத்துக்கு ஒரு முறை போடும் ஊசிக்கு இங்கே பட்டியல் விலை பத்தாயிரம் டாலருக்கு மேல். என் பணிக்காலத்தில் ஒரு நாள்கூட அது இல்லை என்று நான் சொன்னதில்லை. 2023 மே மாதத்தில் எங்கள் குளிர்பெட்டியில் கீட்ரூடா அடுக்கி இருந்தது, பக்கத்து அலமாரியில் சிஸ்பிளாட்டின் தட்டு காலி. நுரையீரல் புற்றுநோய்க்கு இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது வழக்கம் என்பதை நினைத்தால் சிரிப்பதா அழுவதா தெரியாது.

ஆனால் எல்லாத் தட்டுப்பாடும் மலிவால் வருவதில்லை. சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் பி.சி.ஜி. உயிருள்ள பாக்டீரியா, அது வளரும் வேகத்தில்தான் வளரும். இன்னொரு கம்பெனி தயாரிப்பை விட்ட பிறகு அமெரிக்காவுக்கு மெர்க் மட்டுமே சப்ளை செய்துவந்தது, பல வருஷம் இழுபறி. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றியமையாத வின்கிரிஸ்டினுக்கு 2019-ல் தட்டுப்பாடு வந்தது. தேவா கம்பெனி தயாரிப்பதை நிறுத்தியதும் ஃபைசர் ஒன்று மட்டும் மிஞ்சியது, அவர்களுக்கும் தாமதம். அது மாதங்களில் சரியாகிவிட்டது.

இங்க ஊர்ல கிடைக்குது தம்பி. நான் வாங்கி கூரியர்ல அனுப்பட்டுமா?

இதைக் கேட்டவர்கள் எண்ணிக்கை இரண்டு கை விரல்களுக்கு மேல். உங்கள் மனசு புரிகிறது. இந்தியாவில் இந்த மருந்துகளைப் பல கம்பெனிகள் தயாரிக்கின்றன; அரசின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பதால் விலைக்கு உச்சவரம்பும் உண்டு. ஆனால் அமெரிக்காவில் விற்க ஆலை ஆலையாக எஃப்.டி.ஏ. ஒப்புதல் வேண்டும். நீங்கள் அனுப்பிய குப்பியை எந்த மருத்துவமனையும் நோயாளிக்கு ஏற்றாது. எங்கே இருந்தது, என்ன சூட்டில் வந்தது, உள்ளே இருப்பது என்ன என்று எங்களுக்குத் தெரியாது. சிஸ்பிளாட்டினைக் குளிர்பெட்டியில் வைத்தால்கூட படிகமாகிவிடும், ஐஸ் பெட்டியில் பத்திரமாக அனுப்பினாலே கெட்டுப்போகும்.

போலியும் இருக்கிறது. 2012-ல் அமெரிக்க டாக்டர்கள் சிலர் வெளிநாட்டு இடைத்தரகர்களிடம் வாங்கிய அவாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்தின் குப்பிகளில் மருந்தே இல்லை என்று எஃப்.டி.ஏ. எச்சரித்தது. 2024 மார்ச்சில் டெல்லி போலீஸ் ஒரு கும்பலைப் பிடித்தது. விலை உயர்ந்த புற்றுநோய் மருந்துகளின் காலிக் குப்பிகளை வாங்கி, வேறு எதையோ நிரப்பி விற்றிருக்கிறார்கள். தட்டுப்பாடு என்று சொன்னாலே இந்த மாதிரி ஆட்களுக்குக் கொண்டாட்டம்.

சரி, ஆஸ்பத்திரிக்குள்ள என்ன மாறுது? நோயாளிக்கு ஒண்ணும் தெரியறதில்லையே.

தெரியக் கூடாது என்றுதான் பாடுபட்டோம். காலை ஆறு மணிக்கு முதல் வேலை குப்பி எண்ணுவது. அதற்கு முன்பெல்லாம் கணினி எண்ணும், நாங்கள் கவலைப்பட்டதில்லை. அந்த வசந்த காலத்தில் கையால் எண்ணி வெள்ளைப் பலகையில் எழுதினோம்: இன்று கையிருப்பு, இந்த வாரம் வர வேண்டிய நோயாளிகள், வித்தியாசம். மொத்த வியாபாரியின் திரையில் பூஜ்ஜியம் என்று காட்டும். அவர்கள் எங்கள் பழைய வாங்கல் அளவைப் பார்த்து ஒதுக்கீடு கொடுப்பார்கள். ஒரு நாள் ஐந்து குப்பி வந்தது, நான்கு நாள் ஒன்றும் வரவில்லை.

பெரிய வித்தியாசம் நேர அட்டவணையில்தான். கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சோடு வாரம் ஒரு முறை, உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 40 மில்லிகிராம் சிஸ்பிளாட்டின் கொடுப்போம். மூன்று பெண்கள் இருக்கிறார்கள் என்று வையுங்கள்: ஒருவருக்கு 68, இன்னொருவருக்கு 64, மூன்றாமவருக்கு 72. திங்கள், புதன், வெள்ளி என்று தனித்தனியாக வந்தால் 100 மில்லிகிராம் குப்பி மூன்றைத் திறக்க வேண்டும். 96 மில்லிகிராம் குப்பைக்குப் போகும். மூவரையும் செவ்வாய்க்கிழமை காலையில் வரச்சொன்னால் தேவை 204. ஆளுக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம் குறைத்தால் இரண்டு குப்பியில் முடிந்தது.

கேட்பதற்கு எளிது. ஆனால் செவ்வாய்க்கிழமை வேலைக்கு லீவு போட முடியாதவர் ஒருவர் இருப்பார், ஐம்பது மைல் தள்ளி இருந்து மகன் கார் ஓட்டிக் கூட்டி வர வேண்டியவர் ஒருவர் இருப்பார். நர்ஸ் ஒருவர் நாள் முழுக்கப் போனில் கெஞ்சிக்கொண்டிருந்தார். நோயாளிகள் பார்த்த தட்டுப்பாடு அதுதான்: “ஏம்மா திடீர்னு நாளை மாத்துறீங்க?”

டோஸைக் குறைச்சாங்கன்னு சொல்றாங்களே. அது ஏமாத்து இல்லையா?

மேலே சொன்ன ஒன்றிரண்டு மில்லிகிராம் ஏமாற்று இல்லை. கணக்கிட்ட அளவை 10 சதவீதத்துக்குள் மேலே கீழே தள்ளிக் குப்பிக்கு ஏற்ற மாதிரி சரிசெய்வது தட்டுப்பாட்டுக்கு முன்பே பல இடங்களில் வழக்கம். உடல் பரப்பு என்பதே உயரத்தையும் எடையையும் வைத்துப் போடும் உத்தேசக் கணக்கு. காலையில் சாப்பிட்டுவிட்டு எடை பார்த்தால் கொஞ்சம் மாறும்.

கார்போபிளாட்டின் கதை வேறு. அதை சிறுநீரகம் எவ்வளவு வேகமாக வெளியேற்றும் என்று பார்த்து, ரத்தத்தில் எவ்வளவு தங்க வேண்டும் என்ற இலக்கு எண் வைத்துக் கணக்கிடுவோம். 6 என்ற இலக்கை 5 ஆக்கலாம் என்று 2023-ல் மகளிர் புற்றுநோய் டாக்டர்களின் சங்கம் சொன்னது. மூன்று வார இடைவெளியை முடிந்த இடத்தில் நான்காக்கலாம் என்றும் சொன்னது. சான்று இருந்த இடங்களில்தான் சொன்னார்கள். எங்கும் எதையும் வெட்டு என்று யாரும் சொல்லவில்லை.

யாருக்கு முதல்ல கொடுக்கணும்னு யாரு முடிவு பண்றா? பணக்காரனுக்கா?

எங்கள் இடத்தில் ஒரு குழு இருந்தது: புற்றுநோய் டாக்டர்கள் இருவர், மருந்தாளுநர், நர்ஸ், மருத்துவ அறம் பார்க்கும் ஒருவர். நோயாளியின் பெயரும் காப்பீடும் அவர்கள் பார்க்கும் தாளில் இருக்காது. அமெரிக்கப் புற்றுநோய் டாக்டர்கள் சங்கமான ஆஸ்கோ சொன்ன விதி இதுதான்: குணப்படுத்தும் நோக்கத்தோடு கொடுக்கிறோமா, அதற்குச் சமமான மாற்று இல்லையா, அங்கே முதலில் கொடு. விதைப்பைப் புற்றுநோயுள்ள 24 வயதுப் பையனுக்கு சிஸ்பிளாட்டின். மூன்றாம் முறை திரும்பி வந்த சினைப்பைப் புற்றுநோய்க்கு, வேறு மருந்தால் அதே அளவு நிம்மதி கிடைக்குமென்றால், அந்த வேறு மருந்து.

தாளில் நியாயமாகத்தான் இருக்கும். அந்த இரண்டாவது ஆளுக்கு நேரில் சொல்ல வேண்டியவர் குழுவில் இல்லாத ஒரு டாக்டர். ஒரு டாக்டர் எங்கள் ஜன்னலுக்கு வந்து, “ஒரே ஒரு குப்பி, அடுத்த வாரத்து ஆளுக்கு நானே பேசிக்கிறேன்” என்று நின்றது எனக்கு மறக்காது. கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் அடுத்த வாரம் அங்கே நிற்கப்போவது வேறொரு டாக்டர். உங்கள் கேள்விக்கு நேரான பதில்: ஒரே மருத்துவமனைக்குள் பணம் பார்க்கவில்லை. ஆனால் பெரிய மருத்துவமனைக்கும் சிறிய கிளினிக்குக்கும் இடையே பார்த்தது. அதிகம் வாங்குபவருக்குத்தான் ஒதுக்கீடும் அதிகம்.

மாத்து மருந்துதான் இருக்கே அண்ணா, அப்புறம் எதுக்கு இவ்வளவு பயம்?

எந்தப் புற்றுநோய் என்பதைப் பொறுத்தது தங்கச்சி. சினைப்பைக்கு சிஸ்பிளாட்டினும் கார்போபிளாட்டினும் கிட்டத்தட்ட ஒன்று. பரவிய விதைப்பைப் புற்றுநோயில் கார்போபிளாட்டின் தோற்றது, சோதனைகளில் பார்த்தாயிற்று. தலை கழுத்துக்குக் கதிர்வீச்சோடு கொடுக்க, செட்டுக்சிமாப் என்ற விலை உயர்ந்த மாற்று இருக்கிறது. வைரஸால் வரும் தொண்டைப் புற்றுநோயில் அது சிஸ்பிளாட்டினுக்கு ஈடாகவில்லை. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை டாக்டர்கள், சிஸ்பிளாட்டின் தாங்க முடியாதவர்களுக்கு டோசிடாக்செல் கொடுத்துப் பார்த்து, பலன் உண்டு என்று 2023-ல் வெளியிட்டார்கள். அவர்கள் எங்கள் தட்டுப்பாட்டுக்காகச் செய்யவில்லை. ஆனால் சரியான நேரத்தில் வந்தது.

மாற்று மருந்தில் பயப்பட வேண்டியது ஏன் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 2009-ல் மெக்லோரெத்தமின் என்ற மருந்து கிடைக்காமல் போயிற்று. ஹாட்ஜ்கின் நிணநீர்ப் புற்றுநோயுள்ள பிள்ளைகளுக்கு அதன் இடத்தில் சைக்ளோபாஸ்ஃபமைட் கொடுத்தார்கள். அது போதும் என்று எல்லோரும் நம்பினார்கள். 2012-ல் வெளியான ஆய்வில், இரண்டு வருஷம் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் பழைய மருந்தில் 88 சதவீதம், மாற்றில் 75 சதவீதம். யாரும் இறக்கவில்லை. ஆனால் நோய் திரும்பிய பிள்ளைகளுக்கு இன்னும் கடுமையான கீமோ கொடுக்க வேண்டியதாயிற்று. ஆய்வு வெளிவரும் வரை அந்த வித்தியாசம் யார் கண்ணிலும் படவில்லை.

அப்போ 2023-ல எத்தனை பேர் செத்தாங்க? மறைக்கிறாங்களா?

அப்படி ஒரு எண்ணிக்கை கிடையாது, மறைத்ததால் அல்ல. புற்றுநோயில் ஒருவர் இறந்தால் மருந்து மாறியதாலா, நோயாலா என்று தனி ஆளை வைத்துச் சொல்ல முடியாது. பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முற்றிய புற்றுநோயாளிகளின் பதிவுகளைப் பார்த்தார்கள். தட்டுப்பாட்டுக் காலம் முழுவதையும் சேர்த்தால் பிளாட்டின மருந்து எழுதிக்கொடுத்தது 2.7 சதவீதம்தான் குறைந்தது, உச்சத்தில் 15.1 சதவீதம். நான் பயந்ததைவிடக் குறைவு. குப்பி எண்ணியதற்கும் போனில் கெஞ்சியதற்கும் கிடைத்த பலன் அது என்று எடுத்துக்கொள்கிறேன். அந்த 15-க்குள் இருந்தவர் உங்கள் வீட்டு ஆள் என்றால் இந்த ஆறுதல் செல்லாது.

சீனாவுல இருந்து வந்த மருந்தைப் போட்டாங்களாமே?

ஆமாம். சிலூ என்ற சீனக் கம்பெனியின், அமெரிக்காவில் ஒப்புதல் பெறாத சிஸ்பிளாட்டினை தற்காலிகமாக இறக்குமதி செய்ய எஃப்.டி.ஏ. அனுமதித்தது, கனடாவின் அப்போடெக்ஸ் கம்பெனி விநியோகித்தது. மருந்து அதேதான். தொல்லை எங்களுக்கு: குப்பி மேல் சீன எழுத்து, எங்கள் கருவி அதன் பட்டைக்குறியீட்டைப் படிக்காது. ஒவ்வொரு குப்பிக்கும் நாங்களே லேபிள் ஒட்டி, இரண்டு பேர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டோம். கீமோவில் தவறான குப்பியை எடுத்தால் திருத்த இரண்டாவது வாய்ப்பு இல்லை.

எங்க அப்பாவுக்கு ஒரு சுற்று கீமோ தள்ளிப்போச்சு. டாக்டர்கிட்ட என்ன கேக்கணும்?

மூன்று கேள்வி போதும். இந்தச் சிகிச்சை குணப்படுத்தவா, நோயை அடக்கிவைக்கவா? தள்ளிப்போனதும் மருந்து மாறியதும் தட்டுப்பாட்டாலா, இல்லை அப்பாவின் ரத்தப் பரிசோதனையாலா? பக்கத்தில் வேறு மருத்துவமனையில் இருக்கிறதா, அங்கே மாற்றிக் கொடுக்க முடியுமா? இரண்டாவதை முதலில் கேளுங்கள். பெரும்பாலும் வெள்ளை அணு குறைந்ததால்தான் தள்ளிப்போயிருக்கும், அது தட்டுப்பாடு இல்லாத வருஷத்திலும் நடப்பது.

அரசாங்கம் கம்பெனியைக் கட்டாயப்படுத்தக் கூடாதா?

2012 சட்டப்படி, முக்கிய மருந்தைத் தயாரிப்பதை நிறுத்தப்போகும் கம்பெனி எஃப்.டி.ஏ.வுக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். அவ்வளவுதான். தயாரித்தே ஆக வேண்டும் என்று சொல்லும் அதிகாரம் எஃப்.டி.ஏ.வுக்குக் கிடையாது. விலையைக் கூட்டிக் கொடு என்று மருத்துவமனைக்குச் சொல்லவும் முடியாது. 2024-ன் முதல் மூன்று மாதத்தில், எல்லா வகை மருந்தும் சேர்த்து நடப்பில் இருந்த தட்டுப்பாடுகள் 323. மருத்துவமனை மருந்தாளுநர் சங்கம் கணக்கு வைக்க ஆரம்பித்ததிலிருந்து அதுதான் அதிகம். சிஸ்பிளாட்டின் தட்டுப்பாடு தீர்ந்ததாக அந்த ஜூனில் அறிவித்தார்கள். ஆரம்பித்துப் பதினாறு மாதம் கழித்து.

கடைசியா ஒண்ணு. தப்பு பண்ணின அதே ஃபேக்டரி மருந்தையே திரும்ப வாங்கினாங்களா?

வாங்கினோம். 2023 நடுவில் சானந்த் ஆலை சில மருந்துகளை மீண்டும் தயாரிக்கத் தொடங்கியது, வெளியாள் ஒருவர் ஒவ்வொரு தொகுதியையும் சரிபார்க்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. அதற்குப் பிறகு அந்த ஜூலையில் எஃப்.டி.ஏ. அதே ஆலைக்கு எச்சரிக்கைக் கடிதமும் அனுப்பியது. ஒரு கையால் கடிதம், மறு கையால் அனுமதி.

கேட்பவர்களுக்குக் கோபம் வருகிறது, எனக்கும் முதலில் வந்தது. பிறகு வெள்ளைப் பலகையைப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமைக்கு மூன்று பெண்கள், கையில் ஒரு குப்பி. சோதித்துத் தேறிய மருந்து என்று தாள் இருந்தது. பெட்டியைப் பிரித்துத் தாளை இரண்டு முறை படித்துவிட்டு, பலகையில் இருந்த எண்ணை அழித்துப் புதிதாக எழுதினேன்.